கடலுக்கு யார் காவல்?



சென்ற ஆண்டுப் பள்ளி விடுமுறையில் ஐந்தாம் வகுப்பு மாணவர்களை அழைத்துக்கொண்டு, தெலுக் பகாங்கிலுள்ள பினாங்கு தேசியப் பூங்காவுக்குச் சென்றிருந்தோம். பூங்காவின் வாயிலிலிருந்து காட்டு வழியே ஏறியும் இறங்கியும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் நடந்தால் கெராச்சூட் கடற்கரையை அடையலாம். மீன்வளத்துறையினர் நடத்தும் கடலாமைப் பாதுகாப்பு நிலையம் அங்கேதான் இருக்கின்றது. வேலியிட்ட மணற்பரப்பில், எந்த நாளில் எத்தனை முட்டைகள் புதைக்கப்பட்டன என்பதைக் காட்டும் சிறு அடையாளங்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. பிள்ளைகள் வேலியைச் சுற்றி நின்று, ஓசையின்றிப் பார்த்துக்கொண்டிருந்தனர்.

அப்போது மாணவி ஒருத்தி என் அருகில் வந்து, “ஐயா, இந்த முட்டைகளின் தாய் எங்கே?” என்று கேட்டாள். “முட்டையிட்ட இரவே அது கடலுக்குத் திரும்பிவிட்டது, அம்மா. இனி அது தன் குஞ்சுகளைப் பார்க்க வராது” என்றேன். அவள் சிறிது நேரம் சிந்தித்தாள். பின்னர், “அப்படியானால் இவற்றுக்கு யார் காவல்?” என்று மீண்டும் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு உரிய விடையை நான் அன்று முழுமையாகச் சொல்லவில்லை. வீடு திரும்பிய பின்னும் அது என் உள்ளத்தை விட்டு அகலவில்லை. அந்த மாணவிக்கும், அவளைப் போன்ற உங்கள் அனைவருக்கும் உரிய விடையாகவே இக்கட்டுரையை எழுதுகின்றேன்.

கெராச்சூட் கடற்கரை

நம் தீவின் வடமேற்கு மூலையில் காடும் கடலும் கைகோத்து நிற்கும் பகுதியே பினாங்கு தேசியப் பூங்காவாகும். முன்னாளில் பந்தாய் ஆச்சே காப்புக்காடு என்று வழங்கப்பட்ட இப்பகுதி, 2003ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. நிலமும் கடலும் சேர்ந்த இதன் பரப்பு ஏறத்தாழ 2,500 எக்டர் ஆகும். பூங்காவின் ஒரு முனையில், 1883ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற மூக்கா ஹெட் கலங்கரை விளக்கம் நிற்கின்றது. அதற்குச் செல்லும் வழியில் தெலுக் ஆலிங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் கடலாய்வு நிலையமும் அமைந்துள்ளது.

கெராச்சூட் கடற்கரையை ஒட்டி விந்தையான ஏரி ஒன்று உண்டு. மலையிலிருந்து வரும் நன்னீர் மேலேயும், கடலிலிருந்து வரும் உப்புநீர் கீழேயும் ஒன்றோடொன்று கலவாமல் இரண்டு அடுக்குகளாக அதில் நிற்கின்றன. உப்புநீர் கனமானது; ஆகவே அடியில் தங்குகின்றது. ஒரு கண்ணாடிக் குவளையில் உப்புநீரை ஊற்றி, அதன்மேல் நிறமிட்ட நன்னீரை மெல்ல ஊற்றிப் பார்த்தால் இவ்வுண்மையை வகுப்பறையிலேயே காணலாம்.

இக்கடற்கரைக்குப் பேராமையும் பங்குனி ஆமையும் முட்டையிட வருகின்றன. பச்சை ஆமை என்றும் அழைக்கப்படும் பேராமை, வளர்ந்த பின் நூறு கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டது; கடற்புல்லை மேய்ந்து வாழ்வது. பங்குனி ஆமை அதனினும் சிறியது. நண்டு, இறால், சொறிமீன் முதலியவற்றை உண்பது. உலகில் ஏழு வகைக் கடலாமைகள் உள்ளன. அவற்றுள் நான்கு வகைகள் மலேசியக் கரைகளை நாடி வருகின்றன. மேற்கூறிய இரண்டோடு, அலுங்காமையும் ஏழுவரி ஆமையும் அந்நான்கில் அடங்கும்.

ஆமையின் வாழ்க்கை

பெண் ஆமை இரவு நேரத்தில்தான் கரையேறும். கடலில் இலகுவாக நீந்தும் அப்பேருடல், மணலில் மிகுந்த துன்பத்தோடு ஊர்ந்து வரும். அலை எட்டாத மேட்டுப் பகுதியைத் தெரிந்து, பின் துடுப்புகளால் ஆழமான குழி தோண்டி, ஏறத்தாழ நூறு முட்டைகளை இடும். பின்னர் மணலை இட்டு மூடி, இடம் தெரியாதபடி அதன்மேல் மணலை வாரி இறைத்துவிட்டுக் கடலுக்குத் திரும்பும்.

முட்டைகளை அடைகாக்கும் பணியைக் கதிரவனின் வெப்பமும் மணலும் சேர்ந்து செய்கின்றன. ஏறத்தாழ இரண்டு மாதங்களில் குஞ்சுகள் வெளிவரும். இங்கே இயற்கையின் ஒரு பெரும் விந்தையை நாம் அறிந்துகொள்ள வேண்டும். குஞ்சு ஆணா, பெண்ணா என்பதை மணலின் வெப்பமே முடிவு செய்கின்றது. மணல் ஏறத்தாழ 29 பாகை செல்சியசு வெப்பத்தில் இருந்தால் ஆணும் பெண்ணும் கலந்து பிறக்கும். அதனினும் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும்.

முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, மணலைக் கிளறிக்கொண்டு, பெரும்பாலும் இரவில் மேலே வருகின்றன. கடற்பக்கத்து வானம் காட்டுப் பக்கத்தைவிடச் சற்று ஒளியுடையதாக இருக்கும். அந்த ஒளியை நோக்கியே அவை ஓடுகின்றன. கரையோரத்தில் மின்விளக்குகள் மிகுந்திருந்தால் அவை திசை மாறித் தரைப்பக்கம் சென்று மடிகின்றன.

கடலை அடைந்த குஞ்சுக்கும் ஆபத்து நீங்குவதில்லை. நண்டும் பறவையும் பெருமீனும் அதனை இரையாகக் கொள்கின்றன. ஆயிரம் குஞ்சுகளில் ஒன்றே வளர்ந்து பெரிதாகும் என்று அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். அவ்வாறு தப்பிய பேராமை முட்டையிடும் பருவத்தை எய்துவதற்கு 25 ஆண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேற்பட்ட ஆண்டுகள் ஆகும். அப்போது அது புவியின் காந்தப் புலத்தை வழிகாட்டியாகக் கொண்டு, தான் பிறந்த கரைப்பகுதியை நாடியே வருகின்றது. இன்று கெராச்சூட்டில் கடலுக்குச் செல்லும் ஒரு குஞ்சு தாயாகித் திரும்பும்போது, இன்றைய ஐந்தாம் வகுப்பு மாணவர்கள் தம் பிள்ளைகளின் கைகளைப் பிடித்துக்கொண்டு நிற்பர்.

புலவர் கண்ட காவல்

நெய்தல் நிலத்தைப் பாடிய நம் சங்கப் புலவர்கள் ஆமையை நன்கு அறிந்திருந்தனர். அகநானூற்றின் 160ஆம் பாட்டில், குமுழிஞாழலார் நப்பசலையார் என்னும் புலவர் ஆமை முட்டையிடும் காட்சியை உவமையாக அமைத்துள்ளார். அடும்பங்கொடி படர்ந்த வெண்மணல் மேட்டில் பெண் ஆமை தன் முட்டைகளை மறைவாகப் புதைத்து வைப்பதையும், அவை உருண்டை வடிவும் புலால் மணமும் உடையன என்பதையும் அவர் கூறுகின்றார். கடற்கரையை நேரில் கண்டு பழகியவர்களே இவ்வாறு பாட இயலும்.

குஞ்சு வெளிவரும் வரையில் ஆண் ஆமை அம்முட்டைகளைக் காத்து நிற்பதாகவும் அப்பாட்டு கூறுகின்றது. இக்கால அறிவியல் இச்செய்தியை ஏற்கவில்லை. ஆண் கடலாமை முட்டையைக் காக்கக் கரையேறுவதில்லை. ஆயினும் அப்புலவரின் எண்ணத்தில் ஓர் உண்மை அடங்கியிருக்கின்றது. தாய் விட்டுச் சென்ற முட்டைகளுக்கு ஒரு காவல் வேண்டும் என்பதே அது. நம் மாணவி கேட்ட கேள்வியும் இதுவேயன்றோ? புலவர் ஆண் ஆமைக்குக் கொடுத்த அந்தக் காவற்பணி இன்று ஆளின்றிக் கிடக்கின்றது. அப்பணியை ஏற்க வேண்டியவர்கள் மக்களாகிய நாமே.

ரந்தாவ் அபாங் கற்பித்த பாடம்

காவல் இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. திரங்கானு மாநிலத்தின் ரந்தாவ் அபாங் கடற்கரை, ஒரு காலத்தில் ஏழுவரி ஆமைகளுக்கு உலகப் புகழ் பெற்ற இடமாக விளங்கியது. கடலாமைகளுள் மிகப் பெரியது இந்த ஏழுவரி ஆமையே. 1950களில் அங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தாயிரம் கூடுகள் காணப்பட்டன. ஆனால் 2000ஆம் ஆண்டுக்குப் பின்னர் விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே அவை வந்தன. சில ஆண்டுகளில் ஒன்றுகூட வரவில்லை.

இதற்குக் காரணங்கள் பல. பல்லாண்டுகளாக மக்கள் அவற்றின் முட்டைகளைத் தோண்டி எடுத்து உண்டனர். கடலில் விரிக்கப்பட்ட வலைகளில் சிக்கித் தாய் ஆமைகள் மடிந்தன. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நம்மைப் போல் காற்றையே சுவாசிக்கும் உயிராகும். வலையில் சிக்கி மேலே வர இயலாவிடில் அது மூச்சுத்திணறி இறக்கும். முட்டை பறிபோயிற்று, தாயும் மடிந்தது. எனவே அந்த இனம் அக்கரையை விட்டு மறைந்தது.

மற்றொரு செய்தியும் ஈண்டு நோக்கத்தக்கது. முட்டைகளைக் காக்கும் நல்லெண்ணத்துடன் அங்குப் பொரிப்பகங்கள் அமைக்கப்பட்டன. ஆனால் அங்கிருந்த மணலில் வெப்பம் மிகுந்திருந்தபடியால், பிறந்தவை ஏறத்தாழ எல்லாமே பெண் குஞ்சுகள் என்பதை 1990களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ஆணின்றிப் பெண் மட்டும் இருந்து இனம் பெருகுவது எங்ஙனம்? ஆகவே உயிர்களைக் காக்க அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். அறிவியல் பாடத்தை நாம் கருத்தூன்றிக் கற்பதன் பயன்களுள் இதுவும் ஒன்றாகும்.

காலம் கடந்தாலும் திரங்கானு மாநிலம் இன்று விழிப்படைந்துள்ளது. எல்லா வகைக் கடலாமைகளின் முட்டைகளையும் விற்பதற்கு அம்மாநிலம் 2022ஆம் ஆண்டில் தடை விதித்தது.

நம் மாணவி இச்செய்திகளை வீட்டில் பாட்டியிடம் கூறினாளாம். பாட்டி தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில், சந்தைக்குச் செல்லும்போது ஆமை முட்டை வாங்கி வருவது வழக்கமாம். “நாங்கள் ஒன்றும் அறியாமல் சாப்பிட்டோம், கண்ணு. இனி யார் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுவோம்” என்று அந்த மூதாட்டி கூறினாராம். முதியோரைக் குறை கூறுவதற்காக இதனை எழுதவில்லை. அறிந்தவுடன் தம் பழக்கத்தை மாற்றிக்கொண்ட அப்பெருந்தன்மையை நாம் பின்பற்ற வேண்டும் என்பதற்காகவே எழுதுகின்றேன்.

சென்னை மாணவர்களின் இரவு நடை

ரந்தாவ் அபாங்கில் நேர்ந்த இழப்பு தங்கள் கரையிலும் நேராதிருக்க, நம் முன்னோரின் தாய்நாடாகிய தமிழகத்தில் மாணவர்களே காவற்பணியை மேற்கொண்டனர். சென்னைக் கடற்கரைக்கு ஆண்டுதோறும் சனவரி முதல் பங்குனி ஆமைகள் முட்டையிட வருகின்றன. அதனாலேயே தமிழக மீனவர்கள் அதற்கு அப்பெயரிட்டனர் போலும். 1970களிலேயே ஆமை ஆர்வலர்கள் சிலர் அங்கு இரவில் கரையோரமாக நடந்து கூடுகளைத் தேடினர். பின்னர்ச் சில ஆண்டுகள் வனத்துறை அப்பணியை நடத்தியது. அது நின்றுபோன நிலையில், 1988ஆம் ஆண்டில் கல்லூரி மாணவர்கள் ஒன்றுகூடி, மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைத் தொடங்கினர்.

நகரம் உறங்கும் நள்ளிரவில் அவர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் நோக்கி மணலில் நடப்பார்கள். ஆமை ஊர்ந்து சென்ற தடத்தைக் கண்டால் கூட்டைத் தேடி, முட்டைகளை மெல்ல எடுத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். குஞ்சுகள் பொரித்ததும் அவற்றைக் கடலில் விடுவார்கள். இப்பணிக்குக் கூலி இல்லை. படித்து முடித்துச் சென்றவர்களின் இடத்தில் புதிய மாணவர்கள் வந்து நிற்கின்றனர். இவ்வாறு அப்பணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து நடைபெற்று வருகின்றது. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் கடலை அடைகின்றன.

எனினும் அவர்களுக்கும் துயரம் உண்டு. 2025ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் சென்னைக் கரையோரத்தில் இறந்து ஒதுங்கின. இழுவலைகளில் சிக்கி மூச்சுத்திணறியதே காரணமென்று கருதப்பட்டது. ஆனாலும் மாணவர்கள் மனந்தளர்ந்து நடையை நிறுத்திவிடவில்லை.

இந்தியக் கடலாமை ஆய்வின் முன்னோடியாகிய சதீஷ் பாஸ்கர் என்பவரையும் இங்கு நினைவுகூர்தல் தகும். சென்னையில் படித்த அவர், இந்தியாவின் கரைகளில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் நடந்தே ஆமைக் கூடுகளைக் கணக்கெடுத்தார். 1982ஆம் ஆண்டில், இலட்சத்தீவுகளைச் சேர்ந்த சுகேலி என்னும் ஆளில்லாத் தீவில் மழைக்காலம் முழுவதும் தன்னந்தனியாகத் தங்கிப் பேராமைகளை ஆய்ந்தார். படகு வர இயலாத பருவம் அது. அங்கிருந்து தம் மனைவிக்குக் கடிதம் எழுதி, அதனை ஒரு புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். அப்புட்டி மிதந்து சென்று இலங்கைக் கரையை அடைந்தது. அதனைக் கண்டெடுத்த மீனவர் ஒருவர் கடிதத்தை அஞ்சலில் அனுப்பிவைத்தார். அது அம்மையாரின் கைக்கும் கிடைத்தது!

மாணவர்களே! இந்நிகழ்ச்சி நமக்குச் சொல்வது யாது? ஓரிடத்தில் கடலில் இட்ட பொருள் மற்றோரிடத்துக் கரையை அடையும் என்பதே. கடிதம் சென்றதுபோலவே குப்பையும் செல்லும்.

கடல் நம் வாயிலில் தொடங்குகின்றது

இங்கே தோட்டத்துப் பெற்றோர் சிலர், “கடல் எங்கோ இருக்கின்றது, நாமோ செம்பனைத் தோட்டத்தில் இருக்கின்றோம். இது நமக்கு எதற்கு?” என்று எண்ணக்கூடும். தங்கள் வீட்டின் பின்புறத்தைச் சற்றே நோக்குமாறு அவர்களை அன்புடன் வேண்டுகின்றேன். நாம் “அல்லூர்” என்று அழைக்கும் சிறு கால்வாய் அங்கே ஓடுகின்றது. அது பெரிய கால்வாயில் சேர்கின்றது. பெரிய கால்வாய் ஆற்றில் சேர்கின்றது. பிறை ஆறும், ஜூரு ஆறும், ஜெஜாவி ஆறும், கிரியான் ஆறும் எங்கே சென்று முடிகின்றன? எல்லாம் கடலிலேதான். ஆகவே கடல், நம் லயன் வீட்டின் வாயிலிலேயே தொடங்கிவிடுகின்றது.

அல்லூரில் எறியப்பட்ட ஒரு பிளாஸ்டிக் பை, அடுத்த பெருமழையில் ஆற்றுக்கும், அங்கிருந்து கடலுக்கும் போய்ச் சேரும். நீரில் மிதக்கும் அப்பை, ஆமையின் கண்ணுக்குச் சொறிமீனைப் போலவே தோன்றும். அதனை விழுங்கிய ஆமையின் குடல் அடைபட்டு, உணவு செல்லாமல் அது மெலிந்து இறக்கும். வாழையிலை மக்கி மண்ணாகிவிடும். பிளாஸ்டிக்கோ மக்குவதில்லை, வெயிலிலும் அலையிலும் உடைந்து உடைந்து நுண்துகள்களாகின்றது. அத்துகள்களை மீனும் சிப்பியும் உட்கொள்கின்றன. அம்மீன் மீண்டும் நம் வீட்டுச் சட்டிக்கே வந்து சேர்கின்றது.

கழிவினால் கடல் கெட்டால் முதலில் துன்புறுபவர் ஏழை மீனவரே. 1970களில் பிறைப் பகுதியின் தொழிற்சாலைக் கழிவுகள் கலந்து ஜூரு ஆறு மாசடைந்தது. கோலா ஜூரு மீனவர்கள் மீனும் கெராங் சிப்பியும் குறைந்து பெரிதும் அல்லலுற்றனர். அந்நாளில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் அவர்களின் குறையை நாடறியச் செய்தது. மீனவர்களும் சோர்ந்து அமராமல், ஒன்றுகூடிச் சிப்பி வளர்ப்பில் ஈடுபட்டனர். ஆற்றில் விழும் அழுக்கு ஒரு கிராமத்தின் அடுப்பையே அணைக்கவல்லது என்பதை இவ்வரலாறு தெளிவாக உணர்த்துகின்றது.

தோட்டங்களில் மருந்தடிக்கும் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. மருந்துத் தோம்பை ஓடையிலோ அல்லூரிலோ கழுவினால், அந்நஞ்சு நீரோடு சென்று மீன்குஞ்சுகளைக் கொல்லும். அதே நீரில் கால் நனைக்கும் நம் பிள்ளைகளுக்கும் தீங்கு செய்யும். தோம்பு கழுவுவதற்கென்று தனி இடம் அமைத்துத் தருவது நிருவாகத்தின் கடமை. அதனை ஒற்றுமையாகக் கேட்டுப் பெறுவது தொழிலாளரின் உரிமை.

பினாங்கு மாநிலம் இவ்வகையில் ஒரு நல்ல தொடக்கத்தைக் காட்டியுள்ளது. 2009ஆம் ஆண்டில் திங்கட்கிழமைகளில் மட்டும் கடைகளில் இலவசப் பிளாஸ்டிக் பை இல்லை என்று விதிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டு முதல் அது எல்லா நாளுக்கும் விரிவாக்கப்பட்டு, பை வேண்டுவோர் 20 சென் கொடுக்க வேண்டும் என்றாயிற்று. சட்டம் நம்மைக் கடை வாயில் வரையில் கொண்டுவந்து நிறுத்தும். வீட்டிலிருந்து துணிப்பையை எடுத்துச் செல்வது நம் கையில்தான் உள்ளது.

சிறுவர்களால் என்ன செய்ய இயலும் என்று கேட்பவர்களுக்கு, நம் அண்டை நாடான இந்தோனேசியாவின் பாலித் தீவு விடை தருகின்றது. 2013ஆம் ஆண்டில் மெலாத்தி, இசபெல் வைசன் என்னும் சகோதரிகள், தங்கள் தீவில் பிளாஸ்டிக் பைகளை ஒழிக்க ஓர் இயக்கத்தைத் தொடங்கினர். அப்போது அக்காளுக்கு 12 வயது. தங்கைக்கு 10 வயது. மக்களிடம் கையொப்பம் பெற்றனர், பள்ளிகளில் பேசினர், கடற்கரைகளைத் துப்புரவு செய்தனர். பலர் அவர்களோடு சேர்ந்து குரல் கொடுத்தனர். முடிவில், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019ஆம் ஆண்டில் பாலியில் தடை நடைமுறைக்கு வந்தது. ஆறு ஆண்டுகள் விடாது முயன்றதன் பயன் அது.

கரையைக் காக்கும் மரங்கள்

கடலைக் காப்பது என்பது ஆமையை மட்டும் காப்பதன்று. ஆமை மேயும் கடற்புல்லும், மீன்குஞ்சு ஒளிந்து வளரும் அலையாத்திக் காடும் காக்கப்பட வேண்டும். பினாங்குப் பாலத்துக்கு வடக்கே, தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடையே மிடல் பேங்க் என்னும் திட்டு ஒன்று நீருக்கடியில் உள்ளது. பாலத்தில் செல்லும் நாம் அதனை அறிவதில்லை. அங்கே கடற்புல் வளர்ந்து பலவகை உயிர்களுக்குத் தொட்டிலாக விளங்குகின்றது.

மலாய் மொழியில் பாக்காவ் என்று சொல்லப்படும் அலையாத்தி மரங்கள், சேற்றில் வேர்களை ஊன்றி நிற்பவை. அவ்வேர்களின் இடையேதான் இறாலும் நண்டும் மீன்குஞ்சும் வளர்கின்றன. அலையின் வேகத்தைத் தணித்துக் கரை அரிப்பைத் தடுப்பதும் அவையே. “அலையை ஆற்றுவது” என்னும் பொருளில் அமைந்த அப்பெயரே அதன் தொண்டை விளக்குகின்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் மாநிலக் கரைகளைத் தாக்கி, பினாங்கில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அத்துயர நாளுக்குப் பின்னர் அலையாத்தியின் அருமையைப் பலரும் உணர்ந்தனர்.

ஆனால் அதற்கு முன்னரே அதனை உணர்ந்தவர்கள் நம் கரையோர மீனவர்கள். பினாங்கு கரையோர மீனவர் நல்வாழ்வுச் சங்கத்தினர் 1990களிலிருந்தே அலையாத்திக் கன்றுகளை நட்டு வருகின்றனர். நிபோங் திபாலை அடுத்த சுங்கை ஆச்சே பகுதியில், பள்ளிப் பிள்ளைகளுக்கும் கன்று நடக் கற்றுக்கொடுக்கின்றனர். காடு இருந்தால் மீன் இருக்கும். மீன் இருந்தால் தம் பிள்ளைகளுக்கு உணவிருக்கும் என்பதை அவர்கள் பட்டறிவால் கண்டுகொண்டனர்.

நாம் செய்யத்தக்கவை

இனி, நாம் ஒவ்வொருவரும் இன்றே தொடங்கத்தக்க செயல்கள் சிலவற்றைக் கூறுவேன்.

முதலாவதாக, ஆமை முட்டையை வாங்குவதில்லை, உண்பதில்லை என்று உறுதி கொள்வோம். வாங்குவோர் இல்லையெனில் தோண்டுவோரும் இரார்.

இரண்டாவதாக, கடைக்கும் சந்தைக்கும் துணிப்பையையும் பாத்திரத்தையும் எடுத்துச் செல்வோம். நம் பாட்டன்மார் தூக்குச் சட்டியில்தான் உணவு வாங்கினர். அதில் நாணுவதற்கு ஒன்றுமில்லை.

மூன்றாவதாக, அல்லூரிலும் ஆற்றிலும் குப்பை எறியாதிருப்போம். சமைத்து எஞ்சிய எண்ணெயையும் அதில் ஊற்றாதிருப்போம். வாரத்தில் ஒருநாள் நம் வீட்டுக்கு முன்னுள்ள கால்வாயை மட்டுமாவது துப்புரவு செய்வோம்.

நான்காவதாக, கடற்கரைக்குச் செல்லும்போது கொண்டுசென்ற பொருள்களின் குப்பையைத் திரும்பக் கொண்டுவருவோம். அறுந்த தூண்டில் நரம்பையும் கிழிந்த வலைத் துண்டையும் கண்டால் எடுத்துக் குப்பைத்தொட்டியில் இடுவோம். அவை உயிர்களுக்குக் கண்ணிகளாகும்.

ஐந்தாவதாக, கரையில் ஆமையைக் கண்டால் அதன் முகத்தில் விளக்கொளி பாய்ச்சாமலும், ஓசையெழுப்பாமலும் விலகி நின்று, மீன்வளத்துறைக்குத் தெரிவிப்போம். குஞ்சுகளை விளையாட்டாகக் கையில் எடுக்காதிருப்போம்.

பெற்றோர்களே! பிள்ளைகள் இவற்றைப் பற்றி வீட்டில் பேசும்போது, “உனக்கெதற்கு இந்த வேலை?” என்று தடுத்துவிடாதீர்கள். பிஞ்சு உள்ளத்தில் முளைக்கும் இரக்கம் ஆமைக் குஞ்சு போன்றது. அது தானே பெரிதாகும் என்று விட்டுவிடலாகாது. வளரும் வரையில் அதற்கும் ஒரு காவல் வேண்டும்.

விடை

அன்று கெராச்சூட்டில் கேள்வி கேட்ட மாணவி, அந்தப் பயணத்துக்குப் பின்னர் எவரும் சொல்லாமலே ஒரு வழக்கத்தை மேற்கொண்டாள். காலையில் பள்ளிக்கு வரும் வழியில், கால்வாய் ஓரத்தில் கிடக்கும் பிளாஸ்டிக் பைகளையும் புட்டிகளையும் பொறுக்கிப் பள்ளிக் குப்பைத்தொட்டியில் இடுவாள். முதலில் அவளைக் கண்டு சிலர் சிரித்தனர். இரண்டாம் மாதத்தில் மூவர் அவளோடு சேர்ந்துகொண்டனர். இப்போது பன்னிருவர் உள்ளனர். ஒருநாள் அவளை அழைத்து, “தினமும் எடுத்தாலும் மறுநாள் மீண்டும் கிடக்கின்றதே, உனக்குச் சலிப்பாக இல்லையா?” என்று கேட்டேன். “இன்றைக்கு எடுத்தது இன்றைக்குக் கடலுக்குப் போகவில்லையே, ஐயா” என்றாள்.

உலகப் பரப்பில் 71 விழுக்காடு கடல். ஆண்டுதோறும் உலகில் உண்டாகும் உயிர்க்காற்றில் ஏறத்தாழ பாதியைக் கடலின் நுண்பாசிகளே தருகின்றன. மழையைத் தருவதும், மீனைத் தருவதும், நம் முன்னோரை மரக்கலத்தில் சுமந்து இம்மண்ணில் கொண்டுவந்து சேர்த்ததும் அக்கடலேயாகும். அத்துணைப் பெரிய கடலை ஒரு சிறுமி காத்துவிட முடியுமா என்று எவரேனும் வினவலாம். தனியொருத்தியால் முடியாதுதான். ஆனால் அவளுடைய கால்வாயை அவள் காக்கின்றாள். உங்களுடைய கால்வாயை நீங்கள் காத்தால் போதும்.

“இவற்றுக்கு யார் காவல்?” என்று அன்று கேட்டாயே, மகளே! நீதான் காவல். உன் தோழியரும், உன் பெற்றோரும், உன் பாட்டியும், உன்னிடம் பாடம் கற்றுக்கொண்ட உன் ஆசிரியனாகிய நானுமே காவல்.

வாழ்க கடல்வளம்! வளர்க நம் இளைய தலைமுறை!